நிதி மந்திரி என். எம். பெரேராவும் மலைநாட்டுத் தொழிலாளரும்: ஒரு மதிப்பீடு

பொதுவாழ்வில் நின்ற ஒருவரை மதிப்பிட வரும்போது நம்மிடையே இருவகை வழக்கங்கள் நிலவுகின்றன. ஒரு சாரார் மாலை சூட்டி வணங்குவர். மறு சாரார் துரோகி எனப் பெயரிட்டு ஒதுக்குவர். இரு வழக்கங்களுமே சிந்திக்கும் சிரமத்திலிருந்து மனிதனைத் தப்புவிப்பன. கலாநிதி என். எம். பெரேராவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்விரு வகைகளுக்கும் குறைவில்லை. 1905இல் பிறந்து 1979 ஆகஸ்ட் 14இல் மறைந்த அவர், இலங்கையின் நிதி மந்திரியாக இருமுறை பதவி வகித்தார். 1964 ஜூனில் முதன்முறை. 1970 மே முதல் 1975 செப்டெம்பர் வரை இரண்டாம் முறை. வாழ்நாளெல்லாம் மார்க்ஸியம் பேசிய ஒருவர் அரசின் திறைசேரிச் சாவியைக் கையில் வாங்கிய அரிய நிகழ்ச்சி அது. அந்தச் சாவி எந்தெந்தக் கதவுகளைத் திறந்தது, எந்தக் கதவைத் திறவாமலே விட்டது என்பதை மலைநாட்டிலிருந்து பார்த்து எழுதுவது அவசியம் என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் அந்தத் திறைசேரியை நிரப்பிய தேயிலை இங்கே, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் கொழுந்தாகப் பறிக்கப்பட்டது.

வள்ளுவர் ஆட்சிக்குரிய பொருட்செயல்களை நான்காகக் கண்டார்: பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது, வந்ததைத் திரட்டுவது, திரட்டியதைக் காப்பது, காத்ததைப் பகிர்ந்தளிப்பது. முதல் மூன்றையும் எந்த அரசும் ஒருவாறு செய்துவிடும். மன்னனும் செய்தான், வெள்ளைக்காரனும் செய்தான். நான்காவதில்தான் ஓர் அரசு யாருடைய அரசு என்பது வெளிப்படும். சமதர்மம் பேசும் நிதி மந்திரிக்கு உரைகல்லும் அதுவே. அந்த உரைகல்லிலேயே என். எம். அவர்களையும் உரைத்துப் பார்ப்போம்.

அவரது தொடக்கம் பெருமைக்குரியது. அதனைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர வேண்டும். லண்டன் பொருளியற் கல்லூரியில் ஹெரால்ட் லாஸ்கியின் மாணவராக விளங்கி, ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியா கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடிற்று. தோழர்களோடு கிராமம் கிராமமாகச் சென்று மருந்தும் பருப்பும் கொடுத்தார். மக்கள் அவரைப் ‘பருப்பு மாத்தையா’ என்று அழைத்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936இல் அவர் றுவன்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார்.

தோட்டத் தொழிலாளர்பால் அக்கட்சி அக்காலத்தில் கொண்டிருந்த ஈடுபாடு வெறும் சொல்லளவில் நின்றதன்று. 1937இல் மடுல்கெலைப் பகுதித் தோட்டமொன்றில் பயிற்சி பெற வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர் துரைமாரின் பக்கத்தை விட்டுத் தொழிலாளர் பக்கம் சேர்ந்தபோது, அவரை நாடு கடத்த முயன்ற தேசாதிபதிக்கு எதிராகச் சமசமாஜிகள் நாட்டையே கிளர்ந்தெழச் செய்தார்கள். 1939 இறுதியிலும் 1940 முற்பகுதியிலும் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்த அலையில் அவர்களது தொழிற்சங்கம் முன்னின்றது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். ஊவாவில் வேவெஸ்ஸைத் தோட்டத்துத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, துரை அதனோடு கலந்தே காரியம் செய்ய வேண்டும் என்ற நிலையை உண்டாக்கினர். அதே ஆண்டு மே மாதம் பதுளையில் தடையை மீறி நடந்த பெருங்கூட்டத்தில் என். எம். பேசினார். அடுத்த மாதமே சிறை. 1942 ஏப்ரலில் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பி இந்தியா சென்று, 1943இல் பம்பாயில் மீண்டும் கைதானார். பிரட்டுக்களத்தில் நின்ற தமிழ்த் தொழிலாளியும் லண்டனில் பட்டம் பெற்ற சிங்கள அறிஞரும் ஒரே எதிரியைக் கண்ட காலம் அது. நமது மலைநாட்டு வரலாற்றில் அத்தகைய காலம் வேறு அதிகம் இல்லை.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோதும் அவர் தடுமாறவில்லை. எதிர்க்கட்சித் தலைவராக நின்று அச்சட்டத்தை ஹிட்லர் காலத்து இனவெறியோடு ஒப்பிட்டுக் கண்டித்தார். அந்தப் பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் பிரதிநிதியாக நமது கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் இருந்தார் என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவர். கவிஞரின் குரலும் பொருளியலறிஞரின் குரலும் ஒருசேரத் தோற்றன. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. இந்திய-பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போடப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்ததோ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவினர்க்கே.

இந்த இடத்தில் நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்கிழந்தவர் தொழிலாளர் மட்டுமல்லர், இடதுசாரிகளும் ஆவர். 1947இல் மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்றது. அதன் வேட்பாளர் இல்லாத வேறு தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கே பெரிதும் விழுந்தது. அந்த வாக்கு அழிந்தபின் பாராளுமன்றப் பாதையில் செல்ல விரும்பிய எந்த இடதுசாரிக்கும் கிராமத்துச் சிங்கள வாக்கு ஒன்றே புகலாயிற்று. என். எம். 1960 முதல் பிரதிநிதித்துவம் செய்த யட்டியாந்தோட்டையே தேயிலையும் இறப்பரும் நிறைந்த பகுதி. அங்கே அவருக்கு வாக்களித்தவர் கிராமத்தவர். அதே தொகுதியின் லயங்களில் வாழ்ந்தவருள் மிகப் பெரும்பாலோர் வாக்குச் சாவடிக்கு வெளியே நின்றவர். ஓர் அரசியல்வாதியின் நெஞ்சு எவ்வளவு தூயதாயினும், அவரது கணக்கு வாக்கின் கணக்கு. 1948இன் சட்டம் செய்த மிகப் பெரிய தீங்கு, நண்பர்களின் கணக்கிலிருந்துங்கூடத் தொழிலாளியை மெல்ல மெல்ல அழித்துவிட்டதே.

1953 ஆகஸ்ட் 12இன் ஹர்த்தாலை எண்ணிப் பாருங்கள். அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய நிதி மந்திரி ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்கு எதிராக மேற்கிலும் தெற்கிலும் மக்கள் திரண்டனர். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கூடிற்று. பிரதமர் டட்லி சேனாநாயக்கா சில வாரங்களில் பதவி துறந்தார். அந்த எழுச்சியின் தலைமை சமசமாஜக் கட்சியினுடையது. ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களில் அது பெரிதும் பரவவில்லை. இதில் குறை ஒரு பக்கத்தது மட்டுமன்று. நமது தோட்டத் தொழிற்சங்கத் தலைமையும் அந்நாளில் ஒதுங்கியே நின்றது. எப்படியாயினும், 1940இல் ஒன்றாய் நின்ற இரு கைகள் 1953க்குள் பிரிந்துவிட்டன என்பதே உண்மை.

1964 ஜூனில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் என். எம். நிதி மந்திரியானார். இதற்காக அவரது கட்சி நான்காம் அகிலத்திலிருந்து நீக்கப்பட்டது. கட்சிக்குள்ளும் எட்மண்ட் சமரக்கொடி முதலியோர் பிரிந்து சென்றனர். அந்தப் பிணக்கைக் கோட்பாட்டு வாதமாகவே பலரும் பேசிவந்துள்ளனர். மலைநாட்டு மக்களுக்கு அது கோட்பாட்டு வாதமாக வரவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமாக வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்கள். அவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னொரு பேச்சுக்கு. அந்தப் பின்னொரு பேச்சு 1974இல் நிகழ்ந்து, இரு நாடுகளும் 75 ஆயிரம் 75 ஆயிரமாகப் பகிர்ந்துகொண்டன. கணக்கு எவ்வளவு சுத்தம்! யாரைக் கேட்டுப் பகிர்ந்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. இவ்விரு ஒப்பந்தங்களின்போதும் என். எம். மந்திரிசபையில் இருந்தார். 1948இல் அவர் கண்டித்த அநீதியின் தருக்கரீதியான முடிவு இது. அதற்காக அவர் பதவி துறக்கவில்லை.

1964க்கும் 1970க்கும் இடையில் நிகழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை. 1966 ஜனவரி 8இல் தமிழ்மொழி விசேட ஒழுங்குவிதிகளுக்கு எதிராக எதிர்க்கட்சிகள் நடத்திய கிளர்ச்சியில் சமசமாஜக் கட்சியும் சேர்ந்து நின்றது. 1956இல் இரு மொழிக்கும் சம அந்தஸ்து வேண்டுமென்று கல்லெறி வாங்கிய கட்சி அது. பத்தே ஆண்டுகளில் இத்தகைய தூரத்தை ஒரு கட்சி கடந்தது எவ்வாறு என்ற கேள்விக்கு, மேலே சொன்ன வாக்கின் கணக்கையன்றி வேறு விடை நமக்குத் தென்படவில்லை.

1970இல் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116ஐ வென்றது. என். எம். மீண்டும் நிதி மந்திரி, கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்டக் கைத்தொழில் மந்திரி. திறைசேரியும் தேயிலையும் இரு பழைய சமசமாஜிகளின் கையில்! இதைவிட நல்ல வாய்ப்பு மலைநாட்டுக்கு எப்போது வரும் என்று அந்நாளில் பலர் எண்ணியிருப்பர்.

என். எம். சோம்பியிருக்கவில்லை. 50 ரூபா, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதனவாக்கிப் பதுக்கிய பணத்தை வெளிக்கொணர முயன்றார். சொத்துள்ளவர்மீது மூலதன வரி, உயர்ந்த வருமானத்துக்கு உச்சவரம்பு, கட்டாய சேமிப்பு என்று செல்வந்தரின் பையில் கைவைத்தார். அவர் சார்ந்த அரசு 1972இல் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. இந்நாட்டின் செல்வர்கள் அவர் பெயரைக் கேட்டு முகஞ்சுளித்தார்கள் என்பதே அவருக்குரிய நற்சான்று. வள்ளுவர் சொன்ன ‘திரட்டுதல்’ என்ற செயலில் அவர் பலவான்களிடமிருந்து திரட்டத் துணிந்தார். முன்னிருந்த நிதி மந்திரிகள் அதற்குத் துணியவில்லை.

பகிர்தலுக்கு வருவோம். இலங்கையின் அரிசி மானியம், இலவசக் கல்வி, இலவச வைத்தியம் ஆகிய மூன்றும் உலகம் மெச்சிய நலத்திட்டங்கள். இவற்றின் செலவுக்கு ஆதாரமான அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு தேயிலை தந்தது. 1968இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசு கொண்டுவந்த இரட்டை நாணய மாற்று முறையில், தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்று ஏற்றுமதிகளுக்கும் தாழ்ந்த வீதமே கிடைத்தது; ஏனைய ஏற்றுமதிகளுக்கு மேலதிகத் தொகை உண்டு. என். எம். இம்முறையை நீக்கவில்லை. 1972இல் அந்த மேலதிகத் தொகையை 55 வீதத்திலிருந்து 65 வீதமாக உயர்த்தினார். இதன் பொருள் என்ன? தேயிலை ஈட்டிய ஒவ்வொரு பவுணிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி கழிந்தது. கம்பனி அந்தக் கழிவைத் தன் இலாபத்தில் மட்டும் ஏற்கவில்லை. லயத்தின் கூரையிலும், பிள்ளை மடுவத்தின் பாலிலும், வேலை நாட்களின் எண்ணிக்கையிலும் ஏற்றிற்று. தொழிலாளியோ நாட்சம்பளக்காரர். ‘பேர்’ விழுந்த நாளுக்கே கூலி. மாதச் சம்பளம் வேண்டுமென்ற கோரிக்கை அந்த ஆட்சியிலும் கோரிக்கையாகவே இருந்தது.

இலவசக் கல்வியின் கதையும் இதுவே. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வித் திட்டம் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1960-61இல் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை வெளியே விடப்பட்டன. அவற்றை அரசு பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 அளவிலேயே. ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இதனைச் சற்று அழுத்திச் சொல்வதை வாசகர் பொறுத்தருள்க. தாய் பறித்த கொழுந்தின் வருவாயில் நாடெங்கும் பிள்ளைகள் கற்றார்கள். அவள் பிள்ளை கற்க ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமே இருந்தன. வரவுப் பக்கத்தில் முழுமையாக எழுதப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் செலவுப் பக்கத்தில் அரைகுறையாகவும் எழுதப்படவில்லை.

1973இல் நெருக்கடி முற்றிற்று. உலகச் சந்தையில் எண்ணெயும் கோதுமையும் அரிசியும் விலையேறின. தேயிலையின் விலை அதற்கு ஈடாகவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப்பின் அரசும் நிலைகுலைந்திருந்தது. 1971இலும் 1974இலும் சர்வதேச நாணய நிதியத்தின் கடனை நாட வேண்டியதாயிற்று. அரிசிப் பங்கீட்டின் அளவு குறைந்தது. மாவும் சீனியும் விலையுயர்ந்தன. ஹர்த்தாலின் தலைவரே பங்கீட்டைக் குறைக்க நேர்ந்ததைச் சுட்டிக் கைகொட்டிச் சிரித்தவர் பலர். நாம் சிரிக்க வரவில்லை. பஞ்ச காலத்தில் எந்த நிதி மந்திரியும் ஏதாவதொன்றைக் குறைத்தே ஆகவேண்டும். யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று எண்ணிப் பார்த்தாரா என்பதே நமது கேள்வி.

கிராமத்தானுக்குப் பங்கீடு குறைந்தால் கொல்லையில் மரவள்ளி உண்டு, பலா உண்டு, வயல் வைத்திருக்கும் உறவினன் உண்டு. லயத்தில் வாழ்பவருக்குக் கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் அன்றி வேறெதுவுமில்லை. காலடியில் கிடக்கும் மண்ணெல்லாம் கம்பனியின் தேயிலைக்கு உரியது. சமமான குறைப்பு என்பது சமமற்றவர்மீது விழும்போது சிலர்க்கு அது இடையூறாகவும் சிலர்க்கு மரணமாகவும் ஆகிறது. 1974இல் தோட்டப் பகுதிகளின் மரண வீதமும் குழந்தை மரணமும் நாட்டின் சராசரியைப் பன்மடங்கு விஞ்சி உயர்ந்தன. இன்றும் மலைநாட்டு முதியோர் ‘சிறிமா பஞ்சம்’ என்று அக்காலத்தைச் சுட்டுவர். மலேரியாக் காலத்தில் பருப்பு சுமந்து சென்ற மனிதர் திறைசேரியில் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் துயரம்.

அவர்க்குச் சார்பாகச் சொல்லத்தக்கவற்றையும் சொல்வோம். கூட்டணி அரசில் அவர் கட்சிக்கு 19 ஆசனங்களே. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கோ 91. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்தமையால், தோட்ட மக்களை எதிர்முகாமாகவே முன்னணி நோக்கிற்று. உலக விலைகளை எந்த மந்திரியும் ஆள முடியாது. இவை யாவும் உண்மை. ஆயினும் இவை ஏன் மற்றவர்க்கு ஓரளவேனும் செய்ய முடிந்தது தோட்டத்தவர்க்கு முடியவில்லை என்பதற்கு விடையாகா. 1972இன் நிலச் சட்டத்தையே பாருங்கள். தனியாரின் நிலம் எடுக்கப்பட்டது. பெரும் ஸ்டெர்லிங் கம்பனிகளின் தோட்டங்கள் 1975 வரை தொடப்படவில்லை. எடுத்த நிலத்திலும் அதில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்க்குப் பங்கு இருக்கவில்லை. பிரஜையல்லாதவர்க்கு நிலம் எங்ஙனம் என்று சட்டம் கேட்டது. ‘உழுபவனுக்கே நிலம்’ என்ற முழக்கம், ‘உழுபவன் பிரஜையாயின்’ என்று மாறிவிட்டது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. ‘நிதி மூலதனம்’ எழுதிய ஹில்ஃபெர்டிங், என். எம். ஆராய்ந்த அதே வைமார் ஜெர்மனியில் இருமுறை நிதி மந்திரியாக இருந்தும் மூலதனத்தின் பிடியைத் தளர்த்த முடியாமல் வெளியேறினார். பிரித்தானியத் தொழிற்கட்சியின் நிதி மந்திரி ஸ்னோடன் 1931 நெருக்கடியில் வேலையற்றோரின் உதவிப்பணத்தை வெட்டத் தலைப்பட்டுத் தம் கட்சியையே பிளந்தார். அக்காலத்தில் லண்டனில் மாணவராயிருந்த என். எம். இதனை அருகிருந்தே கண்டிருப்பார். கடன் கொடுத்தவனின் கட்டளைக்கும் பட்டினி கிடப்பவனின் குரலுக்கும் இடையே நிற்கும் சமூக ஜனநாயக நிதி மந்திரி, அமைப்பை மாற்றாமல் கணக்கை மட்டும் சீர்செய்ய முனைந்தால், கடைசியில் மிகவும் பலவீனமானவரிடமே குறைக்க நேர்கிறது. ஜெர்மனியிலும் பிரித்தானியாவிலும் அந்தப் பலவீனருக்கு வாக்காவது இருந்தது. நம்மவர்க்கு அதுவும் இல்லை.

முடிவு விரைந்து வந்தது. ஹர்த்தால் நினைவுக் கூட்டத்தில் என். எம். ஆற்றிய உரையும், கம்பனித் தோட்டங்களைத் தேசியமயமாக்கி எந்த அமைச்சின்கீழ் வைப்பது என்ற பிணக்கும் முற்றி, 1975 செப்டெம்பரில் சமசமாஜிகள் அரசிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அடுத்த மாதம் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். முல்லோயாக் கோவிந்தனுக்கும் டெவன் லட்சுமணனுக்கும் இடையே 37 ஆண்டுகள். முன்னவர் வீழ்ந்தபோது தோள்கொடுத்து நின்ற கட்சி, பின்னவர் வீழ்ந்தபோது எங்கோ தொலைவில் நின்றது. அதே ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி ஓர் ஆசனமும் பெறவில்லை, என். எம். யட்டியாந்தோட்டையிலேயே தோற்றார். 1949இல் பறிபோன வாக்குகளை மீட்பதைத் தம் முதற் கடமையாக அக்கட்சி கொண்டிருந்தால், அந்தத் தோல்வி அவ்வளவு முழுமையாக இருந்திருக்குமா என்பதை இடதுசாரி நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த மதிப்பீட்டால் இன்று பயன் என்ன? நாடற்றோர் பிரச்சினை 1988இன், 2003இன் சட்டங்களோடு தீர்ந்தது. வாக்கு திரும்பி வந்தது. எனினும் 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்து 2021இல் மட்டுமே நிறைவேறிற்று. 2022இல் நாடு கடனிறுக்க முடியாது நின்றபோது மீண்டும் மா விலையேறியது. மீண்டும் லயங்களிலேயே அடுப்பு முதலில் அணைந்தது. ஆட்சிகளும் நிறங்களும் மாறினும், குறைப்பதற்கு வேண்டிய இடத்தைத் தேடும் கண் இந்த மலைகளையே முதலில் காண்கிறது. ஆகவே ஒரு நிதி மந்திரி எத்துணை முற்போக்காளர் என்பதை அவரது நூல்களைக் கொண்டோ சிறைவாசத்தைக் கொண்டோ மட்டும் நாம் அளக்கலாகாது. அவர் வாசிக்கும் வரவுசெலவுத் திட்டத்தின் செலவுப் பக்கத்தில் கொழுந்து பறிப்பவளின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நமது எழுத்தாளர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. துரையையும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் மலைநாட்டு இலக்கியம் நன்கு எழுதியிருக்கிறது. அவர்கள் கண்முன் நின்ற எதிரிகள். கொழும்பில் ஒரு மேசைமீது நாணய மாற்று வீதம் பத்து வீதம் ஏறியதால் லயத்தில் ஒரு குழந்தை இறந்ததை எழுதுவது கடினம். கடினமாயினும் எழுதப்படவேண்டியது அதுவே. கண்ணுக்குத் தெரியாத சுரண்டலைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதே யதார்த்த இலக்கியத்தின் தொழில்.

என். எம். பெரேராவை நாம் வெறுக்கவில்லை. அவர் நேர்மையானவர், தமக்கென எதையும் சேர்த்தவரல்லர். 1940இன் பதுளையில் தடையை மீறி நின்ற மனிதர் மலைநாட்டுத் தொழிலாளிக்கும் சொந்தம். அந்தச் சொந்தத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்க நாம் தயாராயில்லை. அந்த உரிமையோடுதான் 1974இன் நிதி மந்திரியிடம் கணக்குக் கேட்கிறோம். அந்நியனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை.